பலகை நடந்தது

'சாரத்தின் மேல் நடந்து செல்கையில்
பலகை முறிந்தது.'
தமிழில் சொன்னால் இதில் தப்பில்லை.
வந்திருந்ததோ ஆங்கிலத்தில்.
அங்கே சட்டம் வேறு:
காற்புள்ளியைத் தாண்டியதும்
யார் முதலில் நிற்கிறாரோ
அவர்தான் நடந்தவர்.
ஆகவே, துவாஸ் கப்பல் பட்டறையில்
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு
ஆறு மீட்டர் உயரத்தில்
பலகை நடந்தது.

விபத்து அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது
என் பிழைப்பு. பக்கத்துக்கு நான்கு வெள்ளி.
ஜூரோங் ஈஸ்ட், பதினோராம் மாடி.
குளிரூட்டி நேராக என் பிடரிக்கு.

பின்னிணைப்பில் தேடினேன். ஆள் இருந்தார்.
சேவுகன், வயது முப்பத்தொன்று,
வேலை அனுமதி எண்,
இடது குதிகால் எலும்பு, இரண்டு இடங்களில்.
அவரைத் தூக்கி வாக்கியத்தில் வைத்தேன்:
'சேவுகன் நடந்துகொண்டிருந்தபோது
பலகை முறிந்தது.'

மறுநாள் திரும்பி வந்தது.
தியோ பெங் கியாட் சேவுகனை எடுத்துவிட்டிருந்தார்.
'எல்லாருக்கும் புரியும்லா, பேர் எதுக்கு?'

புரிந்தது.
ஆள் உள்ளே வந்துவிட்டால்
அடுத்த வாக்கியத்தில்
அவரை அனுப்பிய ஆளும் வரவேண்டியிருக்கும்.
பலகையை யாரும் அனுப்பவில்லை.

நான்காம் பத்தியில் ஓர் 'ஒன்லி'.
ரயில் கதவோரம் நின்றுகொண்டு
ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல்
போன் பார்ப்பவரைப் போல்
வினைச்சொல்லின் வாசலில் நின்றது.
அவர் மட்டும் பட்டை அணிந்திருந்தாரா?
பட்டை மட்டும் அணிந்திருந்தாரா?
அணிந்தது மட்டும்தானா, கொக்கியை மாட்டவில்லையா?
ஓரங்குலம் தள்ளி வைத்தால் போதும்,
குற்றம் கம்பெனியை விட்டிறங்கி
மருத்துவமனைக் கட்டிலில் ஏறிப் படுத்துவிடும்.
நான் தொடவில்லை.
'எங்கே நிற்க வேண்டும்?' என்று ஓரத்தில் எழுதினேன்.
அதற்குப் பதில் இல்லை.

ஒப்பீடுகளில் எனக்குச் சண்டையே இருக்கவில்லை.
'எங்கள் விபத்துகள் சென்ற ஆண்டை விடக் குறைவு.'
விபத்தை ஆண்டோடு எப்படி ஒப்பிடுவது?
தேக்காவில் கத்தரிக்காயை
கடையோடு வைத்து எடைபோடுவார்களா?
'சென்ற ஆண்டின் விபத்துகளை விட' என்றேன்.
ஏற்றுக்கொண்டார்.
'எந்தப் பட்டறையையும் விடப் பாதுகாப்பானது
எங்கள் பட்டறை.'
அப்படியானால் தன்னையும் விடவா?
'மற்ற எந்த' என்று சேர்த்தேன். நன்றி சொன்னார்.
'மோர் சேஃபர்' என்று ஓரிடத்தில் இருந்தது.
மோரை நான் குடித்துவிட்டேன்.
கூடுதல் பாதுகாப்பு
ஒரே சொல்லில் பிழையில்லாமல் நின்றது.
எதை விட என்று அது சொல்லவில்லை.
அதைக் கேட்க
நான்கு வெள்ளி போதாது.

வெள்ளிக்கிழமை இன்னொரு கோப்பு.
'நீங்கள் தமிழ்தானே, இதையும் ஆங்கிலமாக்கிக் கொடுங்கள்.'
கோடு போட்ட தாளில் நீலப் பேனா,
கட்டிலில் சாய்ந்தபடி எழுதிய கோணல்.
'சூப்பர்வைசர் சொன்னார். ஏறினேன்.
கொக்கி மாட்ட இடம் தேடினேன்.
நடந்தேன். பலகை முறிந்தது. விழுந்தேன்.'

எழுவாய் எங்கும் இல்லை.
ஆனாலும் ஆள் தொலையவில்லை.
ஏறினேன், தேடினேன், நடந்தேன், விழுந்தேன்:
வினையின் கடைசி மூலையில்
குதிகால் உடைந்தும் நிற்கிறார்.

மொழிபெயர்த்தேன்.
ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும்
ஆங்கிலத்தின் 'ஐ'யை நட்டேன்,
பெரிய எழுத்தாக, சாரக்கால் போல நெட்டுக்குத்தாக.
இந்த முறை பலகை நடக்கவில்லை.
சரிபார்த்தேன்: இலக்கணம் சுத்தம்.

அவர் எழுதிய வினை ஒவ்வொன்றின் வாலிலும்
ஓர் 'ஏன்' இருந்தது.
அது மட்டும்
ஆங்கிலத்தில் வரவில்லை.